பன்னீர் குடித்த பேட்டரி

ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே கார் நின்றுபோனதும் முகம்மது கனி முதலில் செய்த காரியம், தானே வேண்டுமென்று நிறுத்தியவனைப் போல இறங்கிப் போய் முருங்கைக்காய் விலை கேட்டதுதான்.

கேட்டான், பேரம் பேசினான், தேவையில்லாமல் ஒரு கட்டு வாங்கினான். திரும்பி வந்து ஏறி, காரைக் கிளப்பும் கைப்பிடியைத் தள்ளினான். கார் அசையவில்லை.

அது பெட்ரோல் கார் அல்ல, பேட்டரியில் ஓடும் மின்சாரக் கார். பினாங்கிலேயே அப்படி ஒன்றிரண்டுதான் இருந்தன. புகை கிடையாது, இரைச்சல் கிடையாது. அது கனியின் காரும் அல்ல. அவன் வேலை பார்த்த மளிகைக் கிட்டங்கியின் முதலாளி ஷேக் அலாவுதீனுடையது. இன்னும் சரியாகச் சொன்னால், முதலாளியின் மனைவி ஷரீஃபாவுடையது.

சமையல்காரர் கமாலையும் கூட்டிக்கொண்டு அவர்கள் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறிய அன்று ஷரீஃபா அம்மாள் படித்துப் படித்துச் சொன்னார்.

"ஓட்டினாலும் ஓட்டாட்டியும் வாராவாரம் பேட்டரிக்குக் கரெண்டு ஏத்தணும். தண்ணி கொறஞ்சா காச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணும். கேட்டியா?"

முதலாளி சாவியைக் கொடுத்தபோது வேறு மாதிரி சொன்னார். "நீ ஒன் புத்திக்குத் தோணுற மாதிரி பாத்துக்கப்பா. வந்ததும் நிபோங் திபால் கடையப் பத்திப் பேசுவோம்."

கனிக்கு அதுவரை இருந்த தூக்கமும் அன்றோடு போயிற்று. நிபோங் திபாலில் திறக்கப்போகும் புதுக் கடைக்கு மேலே குடியிருக்க ஒரு வீடு இருந்தது. கல்யாணமாகி நான்கு வருடமாக அவன் மனைவி ஜன்னத் ஜெலுத்தோங்கில் அவள் வாப்பா வீட்டில் இருந்தாள். அவன் கிட்டங்கி மாடியில் பத்துப் பேரின் குறட்டைக்கு நடுவில் கிடந்தான். கடை கிடைத்தால் குடும்பம், கிடைக்காவிட்டால் குறட்டை.

ஆகவே காரைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டான். அதாவது, கொட்டகையில் நிறுத்தி, போர்வை போர்த்தி, இரண்டு பூட்டுப் போட்டான். கரெண்டு மட்டும் ஏற்றவில்லை. கிட்டங்கிக்காரன் மூளை அல்லவா? பூட்டி வைத்த சரக்கு எங்கே போய்விடும்? முதலாளி காசை ஏன் கரியாக்க வேண்டும்?

பூட்டிய பேட்டரியிலிருந்தும் சரக்கு தானாகக் கசிந்துகொண்டே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, மாமியாருக்குக் காட்டலாமே என்று காரை எடுத்தான். மாமியார் வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கையில் அது நின்றுவிட்டது.

"என்ன தம்பி, காடி படுத்துக்கிச்சா?" என்று காரைத் தட்டியபடி மாட்டுவண்டிக்கார ராமசாமி கேட்டார்.

"படுக்கல அண்ணே, கொஞ்சம் ஓய்வு எடுக்குது."

"அப்ப என் மாடு இழுத்துட்டுப் போய்ப் படுக்க வைக்கட்டும் லா."

மாடு முன்னே, கார் பின்னே, முருங்கைக்காய் மடியிலே. ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது. மாமியாரும் பார்த்தார்.

கொட்டகைச் சுவரில் கரெண்டு ஏற்றும் பலகை இருந்தது. அதன் பிடியைக் கனி கடைசிவரைக்கும் தள்ளினான். இரண்டு மாதப் பட்டினிக்கு ஒருவேளைச் சோறு போதுமா? ராத்திரி பகல் பாராமல் ஊட்டினான். மூன்றாம் நாள் பேட்டரிப் பெட்டியிலிருந்து கஞ்சி கொதிப்பது போலச் சத்தம் வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் வற்றி, ஈயத் தகடுகள் வெள்ளை பூத்துக் கிடந்தன.

காரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்த ராமசாமி எட்டிப் பார்த்தார். "தாகம் தம்பி அதுக்கு. தண்ணி ஊத்து."

"காச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணுமாம் அண்ணே. மருந்துக்கடையில ரெண்டே போத்தல்தான் இருக்கு. இது ஒரு அண்டா குடிக்கும் போலருக்கே!"

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான். கிட்டங்கியில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த பன்னீர் அவன் ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணே, பன்னீர எப்படி எடுக்குறாங்க?"

"ரோசாப்பூவக் காச்சி வடிச்சு."

"வெறும் தண்ணியக் காச்சி வடிச்சதுக்கே இவ்வளவு மரியாதன்னா, பூவக் காச்சி வடிச்சதுக்கு?"

"கூடத்தான் மரியாத!" என்றார் ராமசாமி.

போத்தல் போத்தலாக ஊற்றி, மறுபடியும் கரெண்டு ஏற்றினார்கள். நுரை பொங்கியது. தெருவே கமகமவென்று மணத்தது. யார் வீட்டில் கல்யாணம் என்று போகிற வருகிறவர்கள் விசாரித்தார்கள். கார் மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. அக்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஈயத்த எடைக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து முதலாளியின் தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை கப்பல் வருகிறது, காரோடு துறைமுகத்துக்கு வரவும்.

கனிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிபோங் திபால் வீட்டு ஜன்னலில் ஜன்னத் நின்று கையசைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போலிருந்தது. நிஜமாகவே அழுதான்.

"அழாத தம்பி. இந்தக் காடி ஓடும்போது சத்தம் வருமா?" என்றார் ராமசாமி.

"வராது."

"தள்ளுனா?"

"தள்ளுனாலும் வரா..." கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் ஹாஜிகளை வரவேற்கத் திரண்ட கூட்டத்தில், காருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட எட்டு மூட்டை தூக்கிகளும் அவர்களுக்குத் தலைவராக ராமசாமியும் நல்ல பிள்ளைகளாக நின்றார்கள். காரின் மணியை ஒருமுறை அடித்தால் தள்ளு, இரண்டுமுறை அடித்தால் நில் என்று ஏற்பாடு. பின் ஜன்னலில் ஷரீஃபா அம்மாளின் திரை எப்போதும் மூடியே இருக்கும்.

முதலாளி இளைத்துக் கறுத்து இறங்கி வந்தார். கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டுக் காரைப் பார்த்தார்.

"கனி, இது ஓடுதா?"

"புதுசு மாதிரி ஓடுது முதலாளி!"

முதலாளியின் முகம் வாடியது. கப்பல் மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று கனி பரிதாபப்பட்டான்.

ஷரீஃபா அம்மாள் ஏறி உட்கார்ந்தார். "யா அல்லாஹ், என்ன மணம்! அத்தர் தெளிச்சியாப்பா?"

"நீங்க வர்றீங்கன்னுதான் அம்மா."

மணி ஒன்று அடித்தது. கார் கிளம்பியது. அரிசி மூட்டை சுமந்த தோள்கள் அல்லவா? கடைத்தெருவில் இரண்டு ரிக்ஷாக்களை முந்திக்கொண்டு பறந்தது.

"முன்ன எல்லாம் இவ்வளவு வேகம் போகாதே! இந்தக் காடி நம்ம காலத்துக்கும் ஓடும், பாருங்க" என்று பூரித்தார் அம்மாள். முதலாளி எதிரே வந்த ஒரு பெட்ரோல் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் மணி இரண்டு அடித்தது, கார் நின்றது. பின்னால் லாரியில் சாமான்களோடு கமாலும் வந்து சேர்ந்தார். கனி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். ஆனால் அம்மாள் இறங்கவில்லை.

"கனி, அப்படியே ஜெலுத்தோங் போய் என் தங்கச்சியப் பாத்துட்டு வந்துருவோம்."

வேறு வழியில்லாமல் கனி மணியை ஒருமுறை அடித்தான். கார் நகரவில்லை. பின்னாலிருந்து ராமசாமியின் குரல்தான் வந்தது.

"ஜெலுத்தோங்கா? அதுவரைக்கும் பேசலயே தம்பி!"

அம்மாள் திரையை விலக்கினார். வியர்வை வழியும் எட்டு முகங்களும் ராமசாமியும் தெரிந்தார்கள். ராமசாமி பணிவாகக் கும்பிட்டார்.

கனி இறங்கி முதலாளியின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் கொட்டினான். பட்டினி போட்டது, கொதிக்க விட்டது, மெக்கானிக் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மாள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பன்னீரா ஊத்துன?" என்றார் முதலாளி.

"ஆமா முதலாளி."

"இனிமே தேறவே தேறாதா?"

"தேறாது முதலாளி."

முதலாளி அவனைத் தூக்கி நிறுத்தி இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நிபோங் திபால் கடை ஒனக்குத்தான் கனி! அடுத்த வாரமே ஜன்னத்தக் கூட்டிட்டுப் போய்க் குடி வை!"

அழுகையும் சிரிப்புமாகக் கனி லாரிப் பக்கம் ஓடினான்.

"பாத்தீங்களா கமால் அண்ணே, ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்த மனச! எவ்வளவு பெரிய தப்ப மன்னிச்சுட்டாரு!"

கமால் பெட்டியைத் தோளில் ஏற்றியபடி சொன்னார். "மனசு பெருசுதான் தம்பி. ஆனா இது செத்தாத்தான் அவரு ஆசப்பட்ட பெட்ரோல் காடிய வாங்கலாம்னு அம்மா ஒரே பிடியா நின்னாங்க, அதான் கிட்டங்கியில யாருகிட்ட விட்டுட்டுப் போனா இது உருப்படாதுன்னு ரெண்டு நாளு யோசிச்சு, ஒன்கிட்ட சாவியக் கொடுத்தாரு!"