சம்பந்தி வண்டிக்கு மேலே ஒரு வண்டி

வண்டியை மாற்றியே தீருவது என்று அய்யாக்கண்ணு முடிவெடுத்த இடம், ரஞ்சன்குடிக் கோட்டைக்கு எதிரே நெடுஞ்சாலை ஓரம். நல்ல உச்சி வெயில். அவருடைய வேலோரா கார் அங்கே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பேட்டரியில் ஓடும் உயர்ந்த ரகக் கார். ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் அது போனால், டீ குடிப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

குற்றம் வண்டியின் பேரில் இல்லை. சென்னையிலிருந்து திரும்பும்போது, உளுந்தூர்ப்பேட்டையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மனைவி செல்வம்மாள் சொன்னாள். "பெரம்பலூர் வரைக்கும் தாங்கும், எனக்குக் கணக்குத் தெரியும்" என்றார் அய்யாக்கண்ணு. வண்டிக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை.

நின்றதுகூடப் பெரிதில்லை. பின் சீட்டில் சம்பந்தி ராஜவேல் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூரில் மக்காச்சோள வியாபாரம் செய்பவர். அய்யாக்கண்ணுவின் ஒரே மகள் பூவிழியை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. ராஜவேல் கீழே இறங்கினார். கோபப்படவில்லை. சீக்கு வந்த மாட்டைத் தடவுவதுபோல வண்டியின் முன்பக்கத்தைத் தடவிக் கொடுத்தார்.

"பரவால்ல சம்பந்தி. எல்லாத்துக்கும் ஒரு நேரம் இளைப்பு வரத்தானே செய்யும்."

திட்டியிருந்தால் அய்யாக்கண்ணு மறந்திருப்பார். ஆறுதல் சொன்னதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

அடுத்த மாதமே ராஜவேல் ஓரிக்ஸ் கார் வாங்கினார். அதுவும் பேட்டரி வண்டிதான், வேலோராவுக்கு நேர் போட்டி. அதோடு விட்டாரா? பூவிழிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நாள் குறித்ததும் போன் செய்தார்.

"சம்பந்தி, வளைகாப்பு முடிஞ்சு பொண்ண உங்க வூட்டுக்கு அழைச்சிட்டுப் போவணுமில்ல? புள்ளத்தாச்சிய வச்சிகிட்டு நடுவழியில நிக்க முடியுமா? நம்ம ஓரிக்ஸ்லயே நானே கொண்டாந்து வுட்டுடுறேன். நீங்க அலட்டிக்காதீங்க."

பெற்ற பெண்ணைத் தலைப் பிரசவத்துக்கு அழைத்து வரத் தகப்பனுக்கு ஒரு வண்டி இல்லையா? அய்யாக்கண்ணு போனை வைத்தார். வளைகாப்புக்குள் ஓரிக்ஸ் வாங்க வேண்டும். சம்பந்தியுடையதற்கு ஒரு படி மேலான, கண்ணாடிக் கூரை வைத்த ரகமாக வாங்க வேண்டும். மகளை அதில்தான் அழைத்து வர வேண்டும். வானமே இடிந்து தலையில் விழுந்தாலும் இதில் மாற்றமில்லை.

செல்வம்மாளிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அது வானம் இடிவதைவிடப் பெரிய காரியம்.

அவள் கொல்லைக் கொட்டகையில் இருந்தாள். இட்லி மாவு வியாபாரம் அவளுடையது. இரண்டு பெரிய கிரைண்டர், கூட வேலைக்கு நாலு பெண்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி வரைக்கும் கடைகளுக்கு அவள் மாவுதான் போகும். கரண்ட் போனால் மட்டும் ஊறிய அரிசி ஊறியபடியே புளிக்கும். ஒரு ஜெனரேட்டர் வாங்கித் தரச் சொல்லிப் பல வருடமாகக் கேட்கிறாள். சத்தம், நாற்றம் என்று இரண்டே வார்த்தையில் அவர் மறுத்து வந்தார்.

"செல்வம், வண்டிய மாத்தலாம்னு இருக்கேன்."

"நல்லதுங்க. மாவு ஏத்துற தள்ளுவண்டி சக்கரம் ரொம்பத்தான் ஆடுது."

"நான் கார சொல்றேன்."

"காருக்கு என்னங்க? குத்துக்கல்லாட்டம் இருக்கு."

"அதான் சொல்றேன். கல்லாட்டமே நின்னுபோவுது."

"அதுவா நிக்கலீங்க, நம்மதான் நிக்க வச்சோம். சார்ஜ் போட்டா ஓடப்போவுது."

செல்வம்மாளின் தம்பி நடராசன் அப்போது அங்கே தோசை தின்றுகொண்டிருந்தான். உடையார்பாளையத்தில் மைக்செட் கடை வைத்திருப்பவன். கோயில் திருவிழா, காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவன் குழாய்தான் கத்தும். அக்காள் வீட்டுக்கு வந்தால் அவன் மட்டும் வாயைத் திறக்க மாட்டான், தோசைக்குத் தவிர.

மனைவி வண்டியைத் தாங்கிப் பேசப் பேச அய்யாக்கண்ணுவுக்கு வேகம் ஏறியது. வேலோராவுக்கு உயரம் போதாது என்றார். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரி போட்ட பள்ளத்தில் அடி தட்டுகிறது என்றார். சீட்டு முதுகைப் பிடிக்கிறது, ஏசி மூக்கைப் பிடிக்கிறது, கதவு சாத்தினால் டப்பா சத்தம் வருகிறது என்று அடுக்கினார். கடைசிக் குற்றம் அவரே அப்போதுதான் கண்டுபிடித்தது.

"அவ்வளவு மோசமாங்க?" என்றாள் செல்வம்மாள், கவலையோடு.

"படு மோசம். இத ஒருத்தன் காசு குடுத்து வாங்குனா அவனுக்குக் கோயில் கட்டலாம்."

நடராசன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "நான் வேணா எடுத்துக்கிறேன் மாமா."

அவன் ஒரு விலை சொன்னான். அதை விலை என்று சொல்ல முடியாது, ஆறுதல் என்று சொல்லலாம். அய்யாக்கண்ணு பேரம் பேச வாயெடுத்தார். இத்தனை நேரம் அந்த வண்டியைப் பற்றித் தான் சொன்ன பேச்செல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அந்த விலைக்கே வண்டியைக் கொடுக்க ஒத்துக்கொண்டார்.

ஆனாலும் செல்வம்மாள் புது வண்டிக்குத் தலையாட்டவில்லை. திருச்சி ஷோரூம்வரை வந்தாள். அங்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றாள். அனிதா என்ற பெண் வண்டியைச் சுற்றிக் காட்டினாள். கண்ணாடிக் கூரையைக் காட்டினாள். "வெயிலு மண்டையில அடிக்கும்" என்றாள் செல்வம்மாள். தானாகத் திறக்கும் டிக்கியைக் காட்டினாள். "எனக்குக் கை இருக்கும்மா."

அய்யாக்கண்ணுவுக்குக் காரியம் கெட்டுவிடும்போல இருந்தது. அப்போது அனிதா ஒரு சின்ன மூடியைத் திறந்து, "இதுல பிளக் சொருகினா வண்டியிலேந்தே கரண்ட் எடுத்துக்கலாம் சார்" என்றாள்.

"இதெல்லாம் சும்மா சொல்லுவாங்க" என்றாள் செல்வம்மாள்.

"சும்மாவா? இங்க பாரு. கரண்டு போனா வூட்டுக்கே கரண்டு குடுக்குற வண்டி இது. சத்தம் கெடையாது, பொகை கெடையாது."

"ஒரு ஃபேன் ஓடும், போன் சார்ஜ் ஏறும். வேற என்னங்க ஓடப்போவுது?"

"உன் கிரைண்டரே ஓடும்."

"எங்க ஓடப்போவுது."

"ரெண்டும் சேந்து ஓடும். கேளு, அந்தப் பொண்ணையே கேளு."

அனிதா கிரைண்டரின் சக்தியைக் கேட்டுக்கொண்டு, ஓடும் என்றாள். செல்வம்மாள் அந்த மூடியைத் தானே ஒரு தடவை திறந்து பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "ஏதோ, நீங்க ஆசப்படுறீங்க. நான் குறுக்க நிக்கல."

ஒரு பெண்சாதியைப் பேசி ஜெயித்த சந்தோஷம் எப்படி இருக்கும் என்று அய்யாக்கண்ணுவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியாது. திருச்சியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவர் விசில் அடித்தார்.

வண்டி வந்ததும் குலதெய்வம் வீரனார் கோயிலில் பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி கற்பூரத்தை ஏற்றினார்.

"என்னங்க, அன்னைக்கு ஷோரூம்ல சொன்னத இங்க சாமி முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றாள் செல்வம்மாள்.

"எத?"

"கரண்டு போன நேரத்துல இந்த வண்டி கொட்டாயிக்கு ஒதவும்னு. நல்ல வார்த்ததானே?"

நல்ல வார்த்தைதான். பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கி வண்டியைக் கிளப்பக் கை துறுதுறுத்தது. அய்யாக்கண்ணு கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டார். பூசாரி, "வீரனாரு கேட்டுகிட்டாரு" என்று திருநீறு பூசினார்.

வளைகாப்பு நாள் வந்தது. ஒன்றையும் அவர் கோட்டைவிடவில்லை. முதல் நாளே சார்ஜை முழுக்க ஏற்றினார். டயருக்குக் காற்றுப் பார்த்தார். ராகுகாலம் பார்த்தார். கண்ணாடிக் கூரையை வேட்டியால் துடைத்தார். காலையில் சவரம் செய்துகொள்ளக் கடைத்தெருவுக்கு நடந்து போனார். திரும்பி வந்தபோது வாசலில் வண்டி இல்லை.

கொல்லைக் கொட்டகை ஓரம் நின்றது. அதன் வயிற்றிலிருந்து கனமான வயர் ஒன்று கிளம்பி, ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. உள்ளே இரண்டு கிரைண்டரும் சுற்றிக்கொண்டிருந்தன.

"செல்வம், என்ன இது?"

"இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்புங்க. சாயந்திரம்வரைக்கும் ஊருக்கே கரண்டு கெடையாது. பேப்பர்லயே போட்டிருந்தான், நீங்க பாக்கலியா?"

ராகுகாலம் போட்டிருந்த பக்கத்தை மட்டும்தான் அவர் பார்த்திருந்தார்.

"இதுல இப்ப நம்ம பெரம்பலூரு போவணும்."

"ஆண்டிமடம் கல்யாண ஆர்டருங்க. மூட்ட அரிசி ஊறிப்போச்சு. இப்ப வயர புடுங்குனா அத்தனையும் வீணு."

"வீணாப் போனா போவட்டும். வண்டிய எடுக்குறேன்."

செல்வம்மாள் தடுக்கவில்லை. வழியைக்கூட விட்டு நின்றாள். "எடுங்க. வீரனாருக்கு என்ன பதிலு சொல்றதுன்னு மட்டும் யோசிச்சிட்டு எடுங்க. புள்ள ஏழு மாசமா இருக்குற நேரம்."

மாவு வழித்துக்கொண்டிருந்த நாலு பெண்களும் கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு வண்டியைப் பார்த்தார். கற்பூரம் சுட்ட உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்ப பொண்ண எதுல அழைச்சிட்டு வர்றது? அந்த மனுசன் வண்டியிலயா? அதுக்கு நான் வராமயே இருந்துக்குறேன்."

"அவரு வண்டி எதுக்குங்க? தாய்மாமன் வண்டி இருக்கையில." வாசலில் ஹாரன் கேட்டது. "நடராசன் வந்துட்டான். சீர்த் தட்டெல்லாம் ஏத்தணும், வாங்க."

பெரம்பலூர்வரை அய்யாக்கண்ணு வேலோராவின் பின் சீட்டில், புளிசாத அண்டாவுக்கும் வளையல் தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து போனார். நடராசன் ஓட்டினான். அரியலூர் பள்ளங்களில் அடி ஒரு தடவைகூடத் தட்டவில்லை. சீட்டும் முதுகைப் பிடிக்கவில்லை. அவருக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இறங்கும்போது ராஜவேல் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ராஜவேல் வண்டியைப் பார்த்தார். "தாய்மாமன் வண்டியா? அப்பறம் நான் என்னத்தச் சொல்றது. அதானே மொற" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். அவ்வளவுதான். ஆறுதல்கூடச் சொல்லவில்லை. அய்யாக்கண்ணுவுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. பூவிழி கை நிறைய வளையலோடு சிரித்தாள். புறப்படும் நேரத்தில் ராஜவேல் அவரைத் தனியாக வேலோரா ஓரம் அழைத்து வந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா சம்பந்தி? தப்பா நெனைக்கக்கூடாது."

"கேளுங்க. ஆமா, உங்க ஓரிக்ஸ் எங்க? வந்ததுலேந்து கண்ணுலயே படலியே."

ராஜவேல் குரலைத் தாழ்த்தினார். "வூட்டுக்குப் பின்னாடி நிக்கிது. பந்த லைட்டு, ஃபேனு, ஐஸ்கிரீம் பெட்டி, எல்லாம் அதுலதான் ஓடுது. மத்த நாள்ல உங்க சம்பந்தியம்மாவோட தையல் கொட்டாயில கட்டிப்போட்டிருக்கும். நான் ஒக்காந்து ஓட்டுனத வெரல் வுட்டு எண்ணிப்புடலாம்."

அய்யாக்கண்ணு பந்தலைத் திரும்பிப் பார்த்தார். ராஜவேலின் மனைவி அம்பிகாவும் செல்வம்மாளும் ஒரே தட்டில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் நிற்கும் பக்கம் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அது இன்று நேற்றுத் தொடங்கிய சிரிப்பாகத் தெரியவில்லை.

"அதான் சம்பந்தி, நானும் வண்டிய மாத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பேசாம இந்த வேலோராவே வாங்கிடுறேன். இதுல கரண்டு வெளிய எடுக்குற வேலையெல்லாம் கெடையாதுல்ல?"

அன்றைக்கு முதல் தடவையாக அய்யாக்கண்ணுவிடம் ஒருவர் யோசனை கேட்கிறார். குரலில் தானாக ஒரு கம்பீரம் வந்தது.

"கெடையவே கெடையாது. நான் ஓட்டுன வண்டி, எனக்குத் தெரியாதா? தைரியமா வாங்குங்க."

டிக்கியில் அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்த நடராசன் நிமிர்ந்தான்.

"யாரு மாமா சொன்னா? என் மைக்செட்டே இதுலதானே ஓடுது, கிரைண்டருக்குத்தான் பத்தாது. இத நீங்க வாங்குன அன்னைக்கே அக்கா எனக்குக் காட்டுச்சு, உங்ககிட்ட மட்டும் மூச்சு வுடாதன்னு."