மாப்பிள்ளை மாற்றிய திரை

ஹாஜா முகைதீனின் கம்ப்யூட்டரில் வீடியோ ஓடினால் திரைக்குக் குறுக்கே ஒரு கோடும் சேர்ந்து ஓடும். ஐந்து வருடமாக ஓடுகிறது. வீட்டு முன்னறையில் ‘ஹாஜா ஆன்லைன் சென்டர்’ நடத்தும் அவருக்கு அந்தக் கோடு கடை வாசலில் படுத்திருக்கும் நாய் மாதிரி. அது பாட்டுக்கு அது, இவர் பாட்டுக்கு இவர்.

அது மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிட்டது.

மாப்பிள்ளை தவ்ஃபீக் சவூதியிலுள்ள தம்மாமிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே ஒரு பெரிய கடையில் ஐ.டி. பார்ப்பதாகச் சொல்வார், எதைப் பார்க்கிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. குடும்ப வழக்கப்படி அவர் தங்குவது பெண் வீட்டில். பெண் வீட்டில் மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வந்த மறுநாள் அவர் மின்விசிறி சத்தம் போடுகிறது என்றார். நான்கு நாள் எல்லாரும் விசிறி இல்லாமல் வெந்தார்கள்.

“மாமா, இது லினக்ஸுதானே?”

“ஆமா மாப்பிள்ள. வைரஸ் வராதுன்னு ராமநாதபுரத்துல போட்டுக் குடுத்தாக.”

“டிஸ்ப்ளே சர்வர் என்னா ஓடுது?”

ஹாஜா முகைதீன் திரும்பி மனைவி லத்தீபாவைப் பார்த்தார். அவள் கருவாட்டை எண்ணெயில் போடப் போய்விட்டாள்.

“திரையில எந்த ஜன்னல எங்கன வைக்கணும்னு பாக்குற கொத்தனாரு மாதிரி மாமா அது. ஒங்கள்ட்ட இருக்குறது எக்ஸ். நாப்பது வருசத்துப் பழசு. ஒலகமே வேலண்டுக்கு மாறிருச்சு.”

“நாப்பது வருசமா வேல பாக்குதுன்னா நல்ல கொத்தனாருதானே மாப்பிள்ள?”

தவ்ஃபீக் சிரித்தார். பாமரர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கும் சிரிப்பு.

டீ கொண்டுவந்த மூத்த மகள் சுஹா, மாப்பிள்ளையின் மனைவி, அங்கேயே நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் அதே மேசையில் உட்கார்ந்து ஊருக்கே விண்ணப்பம் போட்டவள்.

“மச்சான், பாஸ்வேர்டு போடுற எடத்துல ஓரமா ஒரு பல்சக்கரம் இருக்கும். அத அமுக்குனா பழசு வேணுமா புதுசு வேணுமான்னு…”

“மவுஸ்ல அமுக்குறதெல்லாம் பச்சப்பிள்ளைக வேல. புரொபஷனல்னா கமாண்டுதான்.”

சுஹா டீ டம்ளரை மேசையில் வைத்தாள்.

“செய்யிங்க மாப்பிள்ள,” என்றார் ஹாஜா முகைதீன். வேறு என்ன சொல்ல முடியும்? “ஆனா வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நம்ம சின்னவ அம்ரீனோட இன்ஜினியரிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளு. அவ சர்டிபிகேட்டெல்லாம் ஸ்கேன் பண்ணி இதுக்குள்ளதான் கெடக்கு.”

“பத்து நிமிசம் மாமா. வியாழக்கெழம எனக்கு ப்ளைட்டு. அதுக்குள்ள நூறு கம்ப்யூட்டர் மாத்தலாம்.”

“அப்படியே பெருநாளையும் முடிச்சுட்டுப் போனா என்னா?” என்றாள் லத்தீபா உள்ளேயிருந்து. “அந்த வெள்ளிக்கு மறுநாள்தானே ஹஜ்ஜுப் பெருநாளு.”

“லீவ எக்ஸ்டெண்ட் பண்றது புரொபஷனல் இல்ல மாமி.”

பத்து நிமிடத்தில் மாறியும் விட்டது. கோடு போனது. கூடவே தமிழும் போனது. ‘அம்மா’ என்று அடித்தால் ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. படகு மானிய விண்ணப்பத்தோடு வந்திருந்த பால்சாமி எட்டிப் பார்த்தார்.

“என்னா பாய், என் பேரு ஏதோ மருந்துச் சீட்டு மாதிரி வருது?”

“புதுசு பால்சாமி. பழகணும்.”

“நானா, மிஷினா?”

தவ்ஃபீக் கமாண்டு அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து மதியம்வரை தட்டினார். தமிழ் வந்தது. மிஷினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சுஹா மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து போட்டால் கோடு ஓடியது.

“பழசுக்கே திரும்பிருச்சு மாமா. கிராபிக்ஸ் கார்டு புதுச ஏத்துக்க மாட்டேங்குது.”

“விட்ருவோமே மாப்பிள்ள. எனக்குக் கோடு பழகிருச்சு.”

“கோடு விசயம் இல்ல மாமா. இது பிரின்சிபிள்.”

‘பிரின்சிபிள்’ என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அதற்கப்புறம் அங்கே யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. புதிய டிரைவர் போட்டார். எழுத்தெல்லாம் எறும்பு சைஸ் ஆனது. டிரைவரைக் கழற்றினார், திரை கறுத்து, அதில் மவுஸ் அம்பு மட்டும் கரை தெரியாத வள்ளம் மாதிரி அலைந்தது. புதன்கிழமை சரியானது. வேலண்டும் வந்தது. எல்லாரையும் கூப்பிட்டு ஒரு வீடியோ ஓட்டிக் காட்டினார். கோடு இல்லை. சுஹா டீ கொடுத்தாள், மேசையைத் துடைத்தாள். மதியம் லுகர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கோடு.

“நாளைக்கு ஒங்களுக்கு ப்ளைட்டு மாப்பிள்ள,” என்றார் ஹாஜா முகைதீன், குரலில் இருந்த ஆசையை மறைத்துக்கொண்டு.

“பாதியில விட்டுட்டுப் போறவன் இல்ல மாமா நான். மேனேஜர்ட்ட பேசிட்டேன். ஒரு வாரம் தள்ளி வச்சாச்சு.”

“ஒங்களால முடியலேன்னா விட்ருங்க மச்சான்,” என்றாள் சுஹா மெதுவாக. “யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

தவ்ஃபீக்கின் காது சிவந்தது. அன்றைக்கே புதுக் கேபிள் வாங்க ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினார்.

அடுத்த ஒரு வாரமும் இதே கதைதான். மாப்பிள்ளை ஜெயிப்பார், ஒரு டீ குடிப்பார், தோற்பார். தம்மாம் சிநேகிதனை போனில் பிடித்து, மதர்போர்டில் உப்புக்காத்து ஏறிவிட்டதாக ஒரு முடிவுக்கு வந்தார். கடலோரத் தேவிபட்டினம் முழுவதும் உப்புக்காற்றுதான். அதில் மனிதர்களே வேலை செய்யும்போது ஒரு பலகைக்கு என்ன கேடு என்று ஹாஜா முகைதீனுக்குப் புரியவில்லை. ப்ளைட்டு இரண்டாம் தடவையும் தள்ளிப் போனது.

வியாழக்கிழமை தவ்ஃபீக் கடைசி ஆயுதத்தை எடுத்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவது.

“அம்ரீன் சர்டிபிகேட்டு?”

“பேக்கப் எடுத்துட்டேன் மாமா.”

“எதுல?”

மாப்பிள்ளை சற்று யோசித்தார். “இதுலதான்,” என்றார்.

ஹாஜா முகைதீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருடம் அந்தப் பிள்ளை டியூஷனுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தது. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும் என்று ஒற்றைக் காலில் நின்றது. நாளைக்குக் கடைசி நாள்.

“வாப்பா, கவலப்படாதீக,” என்றாள் அம்ரீன் மாங்காய் கடித்தபடி. பத்து நாளாக இதையேதான் சொல்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயம் என்பதே இல்லை என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

விண்ணப்பத்தைப் போனிலேயே போடலாம் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. ஆனால் கடைச் சுவரில் அவரே எழுதி ஒட்டியிருந்தார்: ‘செல்போனில் விண்ணப்பித்து ஏமாறாதீர்கள்! தள்ளுபடி ஆகும்!’ தொழிலுக்காக எழுதியதுதான். ஆறு வருடம் தினமும் பார்த்ததில் அவரே அதை நம்பிவிட்டிருந்தார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. எதிர்ச்சாரியில் இருளாண்டியின் பிரவுசிங் சென்டர். கடை திறந்த நாளிலிருந்து அந்தப் படியை ஹாஜா முகைதீன் மிதித்ததில்லை. ‘அவன்ட்ட போனா பேரையே தப்பா அடிப்பான்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சர்டிபிகேட் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்ரீனைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நல்ல வெயில். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்ப்பதாகவே பட்டது. பால்சாமி உண்மையிலேயே பார்த்தார்.

“என்னா பாய், எதிர்க் கடைக்கு ஆள் பிடிச்சுக் குடுக்குறீகளா?”

ஹாஜா முகைதீன் திரும்பித் தன் கடையைப் பார்த்தார். உள்ளே தவ்ஃபீக் திரை முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்; மறுபடி ஜெயித்துவிட்டார் போல. பக்கத்தில் சுஹா, டீ டம்ளரோடும் துடைக்கிற துணியோடும்.

இருளாண்டி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“வாங்க பாய், வாங்க. ஒங்க மாப்பிள்ள பெரிய இன்ஜினியராம்ல?”

ஹாஜா முகைதீன் செருப்பைக் கழற்றினார். வலது காலைப் படியில் வைத்தார். அம்ரீன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து, அவர் காதோரம் எக்கினாள்.

“ஏறாதீக வாப்பா. என் விண்ணப்பத்த அக்கா பத்து நாளைக்கு முன்னாடியே போன்ல போட்ருச்சு. மச்சான் சரி பண்ணப் பண்ண அந்தப் பல்சக்கரத்த அமுக்கிப் பழசுக்கு மாத்துறதும் அதுதான். கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு பெருநாளுக்கும் அவரு இங்கன இல்லையாம்ல.”