கார்பெட் மெஷினுக்குத் திருஷ்டி கழித்த கதை

புதுச் சாமான் எது வீட்டுக்கு வந்தாலும் சந்தனம், குங்குமம் வைக்காமல் என் கை சும்மா இருக்காது. ரைஸ் குக்கர், ஃபேன், டி.வி. எல்லாத்துக்கும் நெத்தி உண்டு. (எது நெத்தின்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.)

என் மகள் செல்வி சிங்கப்பூர் வேலையை விட்டுட்டு, மலேசியாவுல எங்க ஊர் குளுவாங்கில் கார்பெட் கழுவுற தொழில் ஆரம்பிச்சா. மெஷின் வந்தது. குட்டி யானை மாதிரி, நீளமா ஒரு தும்பிக்கை. சோப்புத் தண்ணியைக் கார்பெட்டில் பீச்சி, அழுக்கோட திரும்ப உறிஞ்சி, வயித்துத் தொட்டியில சேர்த்துக்கும். பொட்டு வெச்சேன். மனசு ஆறலை. வேன், காரா இருந்தா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கலாம். இது அடுத்தவங்க வீட்டுக்குள்ள ஓடுற சாமான், நசுக்க முடியுமா? யாருக்கும் சொல்லாம மூடியைத் தூக்கி, ஒரு பழத்தைத் தொட்டிக்குள்ள போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

முதல் வேலை பக்கத்து ஊரு ஆயர் ஈத்தாமில், சைத்தோன்னு தமிழ் பேசுற ஒரு மலாய்க்காரம்மா வீட்டில். அன்னிக்குச் சாயங்காலம் அவங்க மகளைப் பெண் கேட்டு வர்றாங்க. நானும் துணைக்குப் போனேன். (முதலாளியோட அம்மா இல்லையா!)

முதல்ல நல்லாத்தான் உறிஞ்சுச்சு. தொட்டியில தண்ணி ஏறினதும் மோட்டார் கீச்சுன்னு கத்துச்சு. தண்ணி பீச்சுது, திரும்ப எடுக்கலை. செல்வி நிறுத்தித் திறந்து பார்த்தா. நுரைதான் தெரிஞ்சுது, காத்து போற ஓட்டையில அடைப்பே இல்லை. மறுபடி போட்டா அதே கத்தல்.

"நல்லா அழுத்தித் தேய்டி."

"அழுத்தி என்னம்மா ஆகப்போவுது? இது காத்தைத்தான் இழுக்குது. காத்து ஓடுற வேகத்துலதான் தண்ணி கூடவே வரும். காத்து எங்கயோ நிக்குது."

கார்பெட் மழைக்கால எஸ்டேட் ரோடு மாதிரி ஆயிருச்சு. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பூட்ஸ் போட்டுக்கிட்டா உட்காருவாங்க லா?" என்றாங்க சைத்தோன். செல்விக்குக் கண்ணு கலங்கிருச்சு. முழங்கை வரைக்கும் நுரைக்குள்ள விட்டுத் துழாவினா. வெளிய வந்த கையில என் பழம், பளபளன்னு.

மெஷின் ஓடும்போது காத்து அதைத் தூக்கிட்டுப் போய் ஓட்டையில அடைச்சிருக்கு. நிறுத்தினா நல்ல பிள்ளையா நுரைக்குள்ள விழுந்திருக்கு.

"ம்மா..."

"கண்ணுபடக் கூடாதுன்னுதான்..."

"அலாமாக்! கண்ணு ஒண்ணும் படலை ஆன்ட்டி, கார்பெட்தான் நனைஞ்சிருச்சு!" சைத்தோன் சோபாவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

பழம் போனதும் மெஷின் மடமடன்னு தண்ணியைக் குடிச்சுது. வீட்டிலிருந்த ஃபேன் எல்லாத்தையும் தூக்கி வந்தோம். கல்யாணப் பொண்ணே தலைமுடி காயவைக்கிற மெஷினோட முட்டி போட்டு உட்கார்ந்தா. சாயங்காலம் சம்பந்தம் பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளையோட மாமா மட்டும் எழுந்திரிக்கும்போது பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம்.

செல்வி ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா அன்னிக்கோட முடிஞ்சிருக்கும்.

போன மாசம் எனக்கு இளைப்பு. டாக்டர் நெஞ்சுல குழாயை வெச்சு, "காத்து சரியாப் போகலையே," என்றார். என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்த செல்வி சொன்னா: "உள்ள பழம் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க டாக்டர். அம்மா சொல்லாமப் போட்டுக்குவாங்க."