மாப்பிள்ளை ரத்தத்தில் ஒரு புழு

மைக்ராஸ்கோப் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லாதுதான். அதில் கண்ணை வைத்திருப்பவர் சொல்லாமல் இருக்க வேண்டுமே!

யுத்த காலம். தியாகராய நகரில் ஒரு டாக்டரின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். (மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு வேறு பேச்சே கிடையாது. பெண் வேலைக்குப் போவதே அதிசயம். அதிலும் கண்டவர் மூத்திரத்தைப் பார்க்கிற வேலை!) அந்த மூத்திரத்தில் படிகங்கள் மின்னினால் மற்றப் பெண்களுக்கு வைரத்தோட்டைப் பார்த்த மாதிரி எனக்கு. அந்த வேலை என் உயிர்.

அப்போது கும்பகோணத்து வரன் ஒன்று வந்தது. பெண் பார்க்க வந்த இடத்திலேயே பையனின் அம்மா, "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் போகப்படாது" என்றாள். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பேஷா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கும்பகோணத்துல யானைக்கால் ஜாஸ்தி. அந்தப் புழு இருக்கான்னு மாப்பிள்ளையோட ரத்தத்தை நான் பார்த்தாகணும்" என்றேன்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. பையன் மட்டும் சிரித்துக்கொண்டே, "நாளைக்கே வரேன்" என்றார்.

வந்தார், அம்மாவோடு. பட்டப்பகல் பதினோரு மணி. டாக்டர் வெளியே போயிருந்தார். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். சிவப்பணுக்களுக்கு நடுவே நீளமாக ஒன்று. சத்தியமாகச் சொல்கிறேன், அது நெளிந்தது!

"புழு!" என்று கத்திவிட்டேன்.

"ஐயையோ! எங்காத்துல ஏழு தலைமுறையா ஒருத்தருக்கும் கால் வீங்கினதில்லையேடி!" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். கல்யாணம் நின்றது, வேலை பிழைத்தது.

"நான் பார்க்கலாமா?" என்று பையன் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "யானைக்கால் புழு நீலமா இருக்குமோ?"

"இருக்காது."

"இது நீலமா இருக்கே. உங்க புடவைத் தலைப்பாட்டம்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். யுத்தத்தில் நல்ல துணி கிடைக்காததால் கண்ணாடித் துண்டுகளை, பிசிறு உதிர்க்கிற என் நூல் புடவைத் தலைப்பால் துடைப்பது என் வழக்கம். அதன் இழை ஒன்றுதான் ரத்தத்தில் மிதந்து ஆடியிருக்கிறது. யானைக்கால் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும், பகலில் அகப்படுவது அபூர்வம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் எங்கே போயிற்று? புழு இருந்தால் தேவலை என்று மனசு நினைத்துவிட்டது. கண் அதன் பின்னாலேயே போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

"புழு இருக்கணும்னு ஏன் இவ்வளவு ஆசைப்பட்டேள்?" என்றார் அவர், மெதுவாக.

"வேலையை விடமாட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் விரலைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார். "வேலைக்குப் போகட்டும்மா. இன்னும் கொஞ்சம் பழகட்டும்."

அப்படித்தான் கல்யாணம் நடந்தது. மாமியார் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "என் பிள்ளை ரத்தத்துலேயே புடவை நெய்த நாட்டுப்பெண்" என்பாள். வருகிறவர்கள் விழிப்பார்கள், அவள் முழுக் கதையையும் சொல்லி முடிக்காமல் காப்பி கூட வராது.

பல வருஷம் கழித்து அவளுக்கு விடாத காய்ச்சல். டாக்டர் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அவள் வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

"என் நாட்டுப்பெண்தான் பார்க்கணும்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "பட்டுப்புடவை கட்டிண்டு பார்க்கச் சொல்லுங்கோ."