மண்ணுக்குள் சுவர் இறக்க விடாத மருமகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் ஒருவனைத் தவிர. காரணம் தங்கள் மகள். வீட்டில் அவள்மேல் ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குறையெல்லாம் வேலை நடக்கும் இடத்தில்தான். நடக்கும் என்றா சொன்னேன், நடக்காத இடத்தில்!

மூடிக்கிடக்கும் சாயப்பட்டறைக்கும் ஆற்றுக்கும் நடுவே, மண்ணுக்குள் தடுப்புச் சுவர் இறக்கும் ஒப்பந்தம் என்னுடையது. மண்ணில் ஊறிய சாயம் நிலத்தடி நீரோடு ஆற்றுக்குப் போகாமல் மறிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குமுன் நிலத்தடி நீரை ஆராய்ந்து சரி என்று சொல்ல ஒரு பொறியாளர் வேண்டும் என்றார்கள் ஒப்பந்தம் கொடுத்தவர்கள். வந்தது தங்கள் மகள். வீட்டுப் பிள்ளைதானே, வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று தோண்டும் இயந்திரத்தை அன்றே வரவழைத்துவிட்டேன். அவளோ பட்டறையைச் சுற்றி ஒல்லி ஒல்லியாகக் குழாய்களை இறக்கி, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் அளக்கும் நாடாவை விடுகிறாள். தண்ணீரைத் தொட்டதும் அது கீச்சென்று கத்துகிறது. குறித்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போகிறாள். மறுநாளும் அதே கீச். எனக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் இயந்திரத்தைப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. போனால் அதன் ஓட்டுநர் உள்ளேயே காலை நீட்டிக் குறட்டை விடுகிறான்.

"ஏம்மா, மேடு ஆத்துப் பக்கம்தானே சரியுது? தண்ணியும் அந்தப் பக்கம்தானே போகும்?" என்றேன்.

"அது மேல ஓடுற தண்ணி மாமா. அடியில ஓடுறதுக்கு நம்ம மேடு பள்ளம் தெரியாது. மழை ஓஞ்சு மட்டம் நிக்கட்டும், அப்புறம் சொல்றேன்."

வீட்டில் நியாயம் கேட்டேன். என் மனைவி, "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கவே அத்தனை விசாரிச்சீங்க, தண்ணிய விசாரிச்சா என்னவாம்?" என்கிறாள். என் மகன், அதாவது தங்கள் மாப்பிள்ளை, தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

அவள் பல் வைத்தியரிடம் போன அன்று எனக்குப் பொறுக்கவில்லை. "லேசா ஒரு கீறு கீறு, பார்ப்போம்" என்று ஓட்டுநரை எழுப்பினேன். ஆள் உயரம்கூடத் தோண்டியிருக்க மாட்டான், அடியிலிருந்து மணல் கஞ்சி மாதிரி கொதித்து எழும்பியது, கரை பொலபொலவென்று சரிந்தது, இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, அவன் குதித்து ஓடிய ஓட்டத்தில் அவன் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நான் சேற்றில் உட்கார்ந்திருந்தபோது தங்கள் மகள் வந்தாள், வீங்கிய கன்னத்தோடு.

"குழிக்குள்ள யாரும் இறங்கலையே மாமா?"

இல்லை என்று தலையாட்டினேன். பள்ளத்தை நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். நாடாவை விட்டாள். கீச்.

"நல்லதாப் போச்சு. இங்க ஒரு சோதனைக் குழி கேட்டிருந்தேன், ஒப்பந்தம் குடுத்தவங்க தரமாட்டேன்னுட்டாங்க. நீங்களே போட்டுக் குடுத்துட்டீங்க."

ஓட்டுநர் சிரிக்கிறான் ஐயா! மாமனாரிடம் பேசும் பேச்சா இது? ஆகவே தயவுசெய்து, சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி என்றோ வேறு ஏதாவது சொல்லியோ, அவளை ஒரு மாதம் அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். அவளை இங்கே யாரும் கொடுமைப்படுத்தவில்லை. கொடுமை முழுவதும் எனக்குத்தான்.

வீட்டில் சிறியவர்களுக்கு என் ஆசிகள், தங்கள் இருவருக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அவள் என்னைக் கையோடு பட்டறைக்கு அழைத்துப் போனாள். அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, பட்டறை நடுவில் உள்ள குழாயில் முன்பே உப்புக் கரைசல் ஊற்றியிருந்தாளாம். அந்த உப்பு ஆற்றுப் பக்கக் குழாய்களில் நூல் அளவுதான் வந்திருக்கிறது. மிச்சமெல்லாம் எதிர்ப்பக்கம், பள்ளிக்கூடத்துக் கிணற்றை ஒட்டிய குழாயில். கிணற்றுக்குப் பக்கத்துச் சலவைக்கூடத்து மோட்டார் நாள் முழுக்க நிலத்தடி நீரை அந்தப் பக்கமாக இழுக்கிறதாம். நான் சுவரை இறக்கியிருந்தால், ஆற்றுக்குப் போகும் கொஞ்சச் சாயத்தையும் மறித்துக் குழந்தைகள் குடிக்கும் தண்ணீருக்கே திருப்பியிருப்பேன். பள்ளிக்கூடத்து மணி அடித்தது. கிணற்றை உடனே மூடச் சொல்லிவிட்டாள். சுவருக்குப் புது இடமும் அவளே காட்டப்போகிறாள். ஆனால் அலுப்பாக இருக்கிறது, முதலில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறாள். ஐயா, தங்கள் காலில் விழுகிறேன், அவளை இப்போது அங்கே வரச் சொல்லாதீர்கள். வீட்டில் வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.