மாப்பிள்ளையின் பதினோராவது ரொட்டி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் வயிறு நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே உங்கள் வயிறு உட்பட எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மகனைப் பற்றிப் புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பேனா பாராட்டுகிற பக்கமே இழுக்கிறது. நம் பேத்திக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து கடையில் வாங்கிய அரிசி ரொட்டியைத்தான் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினோம். காலையில் துண்டாகப் போனது மதியம் தூளாகிவிட, குழந்தை அதை ஸ்பூனால் அள்ளித் தின்ன, மற்ற பிள்ளைகள் சிரிக்க, அன்றிலிருந்து அவள் தனி பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவர ஆரம்பித்தாள். மாப்பிள்ளை, "நானே சுடறேன் மாமா" என்றார், அவ்வளவுதான்.

லிஃப்ட் மெக்கானிக் ரொட்டி சுடுவதாவது என்று நானும் என் வீட்டுக்காரியும் வாய்க்குள் சிரித்தோம். முதல் ரொட்டி ஜோராக எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் தொப்பென்று இறங்கிவிட்டது. "கோதுமையில ஒரு இழுவை இருக்கு மாமா, காத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அரிசில அது கிடையாது. மேல போனதை இறங்காம நிக்க வைக்கறதுதானே என் வேலையே" என்றவர், மாவை இன்னும் நைஸாக அரைத்தார், அதில் ஒரு பங்கை வெந்நீரில் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்தார், மூன்றாவது உள்ளே பிசுபிசுத்தது, ஐந்தாவது மேலே வெடித்தது, எட்டாவதைச் சூடு ஆறுமுன் நான் அறுத்துக் கெடுத்தேன், அதற்காவது ஒரு கோபம் வர வேண்டாமா? "பரவாயில்ல மாமா, இன்னொன்னு சுடலாம்" என்கிறார். நானாயிருந்தால் வீட்டை ரெண்டாக்கியிருப்பேன்.

பதினோராவது ரொட்டி, சம்பந்தி, அப்படியே நின்றது. அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்புகிறது, மடித்தாலும் உடையவில்லை, என் பெண் அதை மடித்து மடித்துப் பார்த்து அழுதேவிட்டாள். என்ன மாப்பிள்ளை மாயம் பண்ணினீங்க என்று கேட்டால் மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு அலமாரியைக் காட்டுகிறார். வயிறு இளக நான் தினமும் தண்ணீரில் கலந்து குடிப்பேனே இசப்கோல், நாலு நாளாய் வீடெல்லாம் தேடிய அந்த டப்பா, அடிவரை காலி. "அது தண்ணிய இழுத்துக் கொழகொழன்னு ஆகுதில்ல மாமா, அதான் மாவைப் பிடிச்சு நிறுத்துது." ஒரு வார்த்தை கேட்டு எடுத்திருக்கலாமில்ல? கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். இப்படியொரு பிள்ளையை வளர்த்ததற்கு உங்களையும் சம்பந்தியம்மாவையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்று பேத்தி நாலு துண்டு கொண்டுபோயிருக்கிறாள். இனி அவள் சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. உங்கள் இருவர் ஆசியும் பிள்ளைகளுக்கு எந்நாளும் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: பேத்தி வந்துவிட்டாள். டப்பா காலி, ஆனால் அவள் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. "எல்லாரும் என் பெஞ்சுக்கே வந்து பிடுங்கித் தின்னுட்டாங்க தாத்தா, நாளைக்கு நிறைய வேணுமாம்" என்கிறாள், பசியோடு, முகமெல்லாம் சிரிப்பாக. ஆகவே கவலை இல்லை என்று எழுதியதை அடித்துவிடவும். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்றதையும் அடித்துவிடவும். இன்று வாங்கிய புது டப்பாவை நானே மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டேன். என் வயிறு இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும்.