கண் சிமிட்டியவர் பெயர் நடுவில்

இறந்தவர்களை இவ்வளவு சீராக நிர்வகிக்கும் இடம் செங்டு நகரத்தின் பேரமைதிக் கோயிலைத் தவிர பூமியில் வேறெங்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நம் கடமை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அந்தக் கோயில் ஒரு தூரிகை, மை அரைக்க ஒரு கல், கொஞ்சம் மஞ்சள் காகிதம் என்று கைக்கு வந்தபடி முக்தி வழங்கிக்கொண்டிருந்தது. போன வசந்தத்தில்தான் அது 'அறிவார்ந்த கோயில்' ஆனது. அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமும் இல்லை.

அமைதி அங்கே முறைப்படி அமல்படுத்தப்பட்டது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டு ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் "அமைதி காக்கவும்!" என்று கத்தின. வாசலில் ஒரு மின்பலகை கோயிலுக்குள் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதை எண்ணில் காட்டியது. ஒலிபெருக்கி கத்தும்போதெல்லாம் எண் ஏறிச் சிவந்தது. எண் சிவந்தால் ஒலிபெருக்கி மறுபடியும் கத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இப்படியாக அமைதி ஓய்வின்றிக் காக்கப்பட்டது.

தௌ யுன்ஷு அங்கே வந்தது ஒரு வியாழக்கிழமை காலை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். சுரங்க ரயிலை விட்டு மேலே வந்து, நகைக்கடையையும் காபிக்கடையையும் தாண்டினால் கோயில் வாசல். அவளுக்கு அறுபத்து நான்கு வயது. முப்பத்தொரு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்து ஓய்வு பெற்றவள். அன்று அவள் கணவர் பெய் சொங்லின் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள். ஏழாவது ஏழு. போகிறவர் எங்கே போவார் என்பது அன்று நண்பகலோடு முடிவாகிவிடும் என்பார்கள். யுன்ஷு இதையெல்லாம் பாதிதான் நம்பினாள். மீதிப் பாதியை நம்பியவர் அவர்.

சொங்லின் பதினாறாம் எண் பேருந்தை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். இன்ஜின் இரைச்சலில் காது மந்தமாகிப் போயிருந்தது. மருத்துவமனையில் கடைசி வாரம் அவளைக் கிட்டே கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏழாவது ஏழு அன்னிக்கு கோயில்ல என் பேரை வாசிக்கச் சொல்லு. சத்தமா வாசிக்கணும். மெல்ல முணுமுணுத்தாங்கன்னா எனக்குக் கேக்காது. நான் பாட்டுக்கு ஸ்டாப்பைத் தாண்டிப் போய்க்கிட்டே இருப்பேன்."

இந்தச் சின்ன வேலைக்காகத்தான் அவள் வந்திருந்தாள். பெயரை எழுத வேண்டும். நண்பகலுக்குள் யாராவது ஒருவர் வாயைத் திறந்து அதைச் சொல்ல வேண்டும்.

பெயர்ச்சீட்டு கொடுக்கும் இடத்துக்கு இப்போது 'நினைவுகூரல் சேவை மையம்' என்று பெயர். மஞ்சள் மேலாடை போட்ட ஹௌ பிங்யிங் என்ற தொண்டர் ஒரு திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, அகலமான முகம், வாயில் சூரியகாந்தி விதை.

"வாங்கக்கா. மஞ்சளா, சிவப்பா?"

செத்தவர்களுக்கு மஞ்சள், உயிரோடு இருப்பவர்களின் ஆயுளுக்குச் சிவப்பு. ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

"மஞ்சள்," என்றாள் யுன்ஷு.

"அடடா. யாரு, வீட்டுக்காரரா? பாவம். அவரோட அடையாள அட்டை நம்பரைச் சொல்லுங்க."

யுன்ஷு அட்டையையே நீட்டினாள். காவல் நிலையத்தில் குடும்பப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கியபோது அதன் ஒரு மூலையை வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பிங்யிங் எண்ணைத் தட்டினாள். திரை யோசித்தது.

"அக்கா, இப்படி ஒரு ஆளே இல்லைன்னு வருது."

"இல்லைதாம்மா. அதனாலதான் வந்திருக்கேன்."

"அது சரி. ஆனா ஆள் இருந்தாத்தானே பதிய முடியும்?"

"ஆள் இருந்தா நான் ஏன் மஞ்சள் சீட்டு கேக்கறேன்?"

பிங்யிங் இதைக் கொஞ்ச நேரம் எடைபோட்டுப் பார்த்தாள். "நீங்க சொல்றது நியாயம்தான்க்கா. திரை சொல்றதும் நியாயம்தான். கீழே இன்னொண்ணும் போட்டிருக்கு பாருங்க. 'சம்பந்தப்பட்டவர் கேமராவைப் பார்த்து இரண்டு முறை கண் சிமிட்டவும்.' போலி ஆளுங்க வந்துடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க."

"அவர் சிமிட்டி நாற்பத்தொன்பது நாள் ஆச்சு."

"போட்டோவை ஆட்டிக் காட்டலாம்னு ஒருத்தர் பார்த்தாரு. ஒத்துக்கலை. ரொம்பக் கெட்டிக்கார மெஷினு."

யுன்ஷு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பேரை எப்படி வாசிப்பாங்க? அதைச் சொல்லு முதல்ல."

"அதுக்கு நீங்க கவலையே படாதீங்க. எல்லாம் சர்வர்தான் வாசிக்குது."

யுன்ஷு திரும்பி முற்றத்தின் தேநீர்க்கடையைப் பார்த்தாள். மூங்கில் நாற்காலிகளுக்கு நடுவே, நீள மூக்குக் கெண்டியோடு ஓர் ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"அவனா? பார்த்தா அவனுக்கே தூக்கம் தெளியல."

"ஐயோ, அந்த சர்வர் இல்லக்கா! கம்ப்யூட்டர் சர்வர். ஒரு வினாடிக்கு ஆயிரத்து இருநூறு பேரைப் பாராயணம் பண்ணிடும். முன்னெல்லாம் நாலு சாமியாருங்க தொண்டை கட்டி மூணு நாள் வாசிப்பாங்க."

"சத்தமாவா?"

"சத்தமே வராது. பேரமைதிக் கோயில்ல எப்படிச் சத்தமா வாசிக்கறது?"

"அப்ப மேலே மைக்கில ஒருத்தர் வாசிக்கிறாரே, அது என்ன?"

"அது பதினொன்றரை பூஜைக்கு ஒத்திகை. யுவான்மியாவ் சாமி உயிரோட இருக்கறவங்க பேரை வாசிப்பாரு. மஞ்சள் சீட்டுல நடுவுல செத்தவங்க பேரு இருக்கும், இடது ஓரத்துல சின்னதா 'உயிரோடிருப்பவர், வணங்கிச் சமர்ப்பிக்கிறார்'னு ஒரு பேரு இருக்கும் பாருங்க, அந்த ஓரத்துப் பேரு. அதை மட்டும்தான் வாயால வாசிக்கிறது."

"செத்தவங்களை விட்டுட்டு?"

"செத்தவங்க புகார் சொல்றதில்லையேக்கா. உயிரோட இருக்கறவங்க பேரு விட்டுப்போச்சுன்னா கீழே வந்து மேசையைத் தட்டறாங்க."

இதைவிடச் சிறந்த நிர்வாகத் தத்துவத்தை எந்தத் துறையாலும் தர இயலாது. யுன்ஷு அதைப் பாராட்டாமல் நின்றது அவள் மனநிலையின் குறை.

கடைசியில் பிங்யிங்கே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் நல்லவள். வரிசையில் பின்னால் பதினேழு பேர் நின்றிருந்தார்கள் என்பதும் உண்டு. "அக்கா, யாராவது ஒருத்தர் சிமிட்டினாப் போதும். நீங்க சிமிட்டுங்க. ரெண்டு பேரையும் கீழே நான் தட்டிடறேன்."

யுன்ஷு கேமராவைப் பார்த்து இரண்டு முறை கண் சிமிட்டினாள். திரையில் ஒரு தாமரை மலர்ந்தது. இயந்திரம் மஞ்சள் சீட்டைத் துப்பியது.

அவள் அதைக் கையில் எடுத்தாள். பழக்கம். சீட்டை மூக்குக்குக் கிட்டே பிடித்து, மேலிருந்து கீழாக, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். கண் சிமிட்டியவரின் பெயரை நடுவில் போடும்படி இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. நடுவில், பெரிய எழுத்தில், 'மறைந்த தௌ யுன்ஷு, நற்கதி அடைக'. இடது ஓரத்தில், சிறிய எழுத்தில், 'உயிரோடிருப்பவர், கணவர் பெய் சொங்லின், வணங்கிச் சமர்ப்பிக்கிறார்'.

"நான் செத்துட்டேன்," என்றாள் யுன்ஷு.

பிங்யிங் எட்டிப் பார்த்தாள். வாயிலிருந்த விதை கீழே விழுந்தது. "ஐயய்யோ அக்கா! த்தூ, த்தூ, மரத்தைத் தொடுங்க!"

விஷயம் மேலே போனது. அதாவது ஒரு மாடி மேலே, இயக்குநர் ஜுவாங்கின் அறைக்கு. அவர் முன்பு அடுக்குமாடி வீடுகள் விற்றவர். நிரந்தர வசிப்பிடம் பற்றிய அந்த அனுபவம் கோயிலுக்கு மிகவும் பொருத்தம் என்று நியமனக் குழு கருதியதில் வியப்பில்லை.

"உட்காருங்கம்மா. என்ன பிரச்சினை?"

"தம்பி, பேரு இடம் மாறியிருக்கு. என்னை மேல அனுப்பிட்டு அவரைக் கீழ நிறுத்தியிருக்கு. திருத்திக் கொடுங்க."

'தம்பி' என்ற சொல் அவர் முகத்தில் ஓர் ஈயைப் போல உட்கார்ந்தது. "இயக்குநர்னு சொல்லுங்கம்மா. திருத்தம் வேணும்னா சம்பந்தப்பட்ட விண்ணப்பதாரரே கேக்கணும்."

"நான்தான் கேக்கறேன்."

அவர் திரையைப் பார்த்தார். "நீங்க இன்னிக்குக் காலைல பத்து பதினாலுக்கு மறைஞ்சுட்டீங்கன்னு பதிவாயிருக்கு. மறைஞ்சவங்க கணக்கு தானா முடங்கிடும். பாதுகாப்பு ஏற்பாடு."

"அப்ப யாரு கேக்கலாம்?"

"உயிரோட இருக்கற உங்க கணவர் வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

யுன்ஷு மிக மரியாதையாகச் சொன்னாள்: "சரிங்க இயக்குநர். நான் செத்துட்டேன்னு முத்திரை வச்சு ஒரு கடிதம் கொடுங்க. ஓய்வூதிய ஆபீஸ்ல காட்டணும். இந்த மாசத்தோட நிறுத்திடுவாங்க. நாளையிலேர்ந்து மூணு வேளையும் உங்க சைவச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துடறேன். செத்தவங்களுக்குச் சாப்பாடு போடறது கோயிலோட வேலைதானே?"

இயக்குநர் முதல்முறையாகச் சீட்டை வாங்கித் தானே படித்தார். உயிருள்ள ஒருத்தியின் பெயர், மஞ்சள் காகிதத்தில், கோயில் முத்திரையோடு. அவரும் அந்த ஊர்க்காரர்தான். சீட்டை விரல் நுனியால் அவள் பக்கமே தள்ளினார்.

"இதை... இதை வெளியில யாருக்காவது காட்டினீங்களா?"

"பதினேழு பேர் பார்த்தாங்க. ஒருத்தர் போட்டோ எடுத்தாரு."

"பதறாதீங்கம்மா!" என்று அவர் பதறினார். "எங்கிட்ட தனிச் சாவி இருக்கு. ஒரே நிமிஷம். பேரு ரெண்டையும் மாத்திப் போட்டுடறேன். உங்க வீட்டுக்காரர் நடுவுக்கு வந்துடுவாரு. சர்வர் உடனே எடுத்துக்கும். வினாடியில ஆயிரத்து இருநூறுல ஒரு பங்குதான், முடிஞ்சிடும்."

விரல் பொத்தானை நோக்கி இறங்கியது.

"நில்லுங்க," என்றாள் யுன்ஷு.

முப்பத்தொரு ஆண்டுகளில் அவள் ஒரு பிழையைத் தெரிந்தே விட்டதில்லை. ஒரு முறை ஒரு காற்புள்ளிக்காக நாலாயிரம் பிரதிகளை நிறுத்தி வைத்தவள். அதற்காக மேலாளர் அவளோடு இரண்டு வருடம் பேசவில்லை. சொங்லின்கூடக் கிண்டல் செய்வார், 'சாப்பாட்டுக்கடை மெனுவைக் கொடுத்தா சாப்பிடாம திருத்திக்கிட்டு உக்காந்திருப்பா' என்று. இப்போது அவள் சீட்டின் இடது ஓரத்தைப் பார்த்தாள். சின்ன எழுத்து. உயிரோடிருப்பவர். வாயால் வாசிக்கப்படுகிறவர்.

"திருத்தினா அவர் பேரைச் சத்தமா வாசிப்பாங்களா?"

"அது எப்படிம்மா? அவர் இறந்தவராச்சே."

"அப்ப விடுங்க. இப்படியே இருக்கட்டும்."

"என்னது?"

"பிழை எதுவும் இல்லை. நான் மறுபடியும் படிச்சுப் பார்த்தேன்."

"அம்மா, நீங்க உயிரோட உக்காந்திருக்கீங்க!"

"பதிவுல அப்படி இல்லையே."

"இது அபசகுனம்மா! இதைத் திருத்தாம உங்களை அனுப்ப முடியாது!"

"நான் செத்துட்டேன் தம்பி. மறைஞ்சவங்க கணக்குல யாரும் கை வைக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பாதுகாப்பு ஏற்பாடு."

இயக்குநர் கெஞ்சினார். தேநீர் வரவழைத்தார். இலவசமாகச் சிவப்புச் சீட்டு ஒன்று, நூறு வயதுக்கு, தருவதாகச் சொன்னார். யுன்ஷு பேனாவை வாங்கி, சீட்டின் பின்புறம், அச்சகத்தில் பிழை திருத்தி முடித்த கடைசிப் பிரதிகளில் எழுதும் ஒரே சொல்லை எழுதினாள்: 'அச்சிடலாம்.' கீழே கையெழுத்துப் போட்டு, மாடிப்படி இறங்கிப் போனாள். தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனாள். நல்ல மல்லிகைத் தேநீர்.

பதினொன்றரைக்குப் பெரிய மண்டபம் நிறைந்திருந்தது. யுவான்மியாவ் சாமி எழுபதைத் தாண்டியவர். மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்து, வானிலை அறிக்கை போல ஒரே தொனியில் வாசித்துக்கொண்டு போனார். அவரவர் பெயர் வந்ததும் அவரவர் செல்பேசியில் பதிவு செய்துகொண்டார்கள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அது வந்தது.

"...பெய் சொங்லின், வணங்கிச் சமர்ப்பிக்கிறார், நோயற்ற வாழ்வும் நீண்ட ஆயுளும்..."

"சாமி," என்றாள் யுன்ஷு, மூன்றாம் வரிசையிலிருந்து. "அந்தப் பேரை மட்டும் இன்னொரு தடவை. கொஞ்சம் சத்தமா. அவருக்குக் காது மந்தம்."

தலைகள் திரும்பின. சாமி தாளை விட்டு நிமிர்ந்தார். "வந்திருக்காரா?"

"தெரியலை சாமி. அதுக்குத்தான் கூப்பிடச் சொல்றேன்."

சாமி அவளைப் பார்த்தார். அவள் சட்டைக்கையில் துக்கத்துக்காகக் குத்தியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தார். கையிலிருந்த தாளை மறுபடியும் பார்த்தார். நோயற்ற வாழ்வு, நீண்ட ஆயுள். அவர் மைக்கை அணைத்துத் தரையில் வைத்தார். வயிற்றிலிருந்து மூச்செடுத்தார்.

"பெய் சொங்லின்!"

உத்தரத்திலிருந்த புறாக்கள் கிளம்பின. வாசல் மின்பலகை சிவந்தது. எட்டு ஒலிபெருக்கிகளும் "அமைதி காக்கவும்!" என்று கத்தின. அதற்கு மேல் எழும்பும்படி சாமி இன்னொரு தடவை கூப்பிட்டார். யாரும் கேட்காமலே மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். யுன்ஷு கைகூப்பிக்கொண்டு நின்றாள். கண்ணாடியைத் துடைக்கத் தோன்றவில்லை.

அன்று மாலை இயக்குநர் ஜுவாங் தம் நாளறிக்கையில், வந்த குறைகள் அனைத்தும் சம்பந்தப்பட்டவருக்கு நிறைவளிக்கும் வகையில் தீர்க்கப்பட்டன என்று எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பேரமைதிக் கோயிலின் மேல் நமக்கும் எந்தக் குறையும் கிடையாது. இறந்துபோன ஒரு மனிதரின் பெயரை இன்றைக்கும் அங்கே வாய்விட்டுச் சொல்லத்தான் செய்கிறார்கள். அவருக்காக உயிரோடிருக்கும் யாராவது ஒருவர் சாகச் சம்மதித்தால் போதும்.